பைக்காராவில் இரண்டாம் முறை: படகுத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

மோட்டார் படகு ஓட்டும் தேர்வின் முடிவு வியாழக்கிழமை வந்தது. தேறிவிட்டேன். ஜூனில் ஒருமுறை கோட்டை விட்டு, செப்டம்பரில் மறுபடி போய் வாங்கிய தேர்ச்சி இது. அடுத்த தொகுதிக்குக் கொடைக்கானலிலிருந்து மட்டும் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார்கள். வாய்ப்பேச்சில் பாதி விட்டுப்போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

தியரி, முடிச்சு, நீச்சல், வாய்மொழி, கையாளுதல் என்கிற வரிசையை நான் விளக்க வேண்டியதில்லை. முதல் மூன்றில் யாரும் பெரிதாக மாட்டுவதில்லை. மாட்டுவது கையாளுதலில், அதுவும் தண்ணீரில் விழுந்தவரைப் படகைத் திருப்பி வந்து மீட்கிற 'ஆள் தண்ணீரில்' பயிற்சியில், அதுவும் காற்று அடிக்கிற நாளில். ஜூனில் நான் கோட்டை விட்டதும் அங்கேதான்.

அப்பா கொடைக்கானல் ஏரியில் இருபது வருடத்துக்கு மேலாகத் துடுப்புப் படகு ஓட்டுகிறவர். நானும் பத்து வயதிலிருந்து துடுப்பு பிடிக்கிறேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி கைகள் விரிந்திருக்கும், சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். ஒரு கையில் போகும்போது முதுகில் இருக்கிற காற்று, முனையைத் திரும்பினால் விலாவில் குத்தும். இதிலேயே வளர்ந்தவள் என்பதால் மோட்டார் படகு எனக்கு ஒரு விஷயமே இல்லை என்று நினைத்துவிட்டேன். போதாததற்குக் கீழே சமவெளியில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். பெயர் வேண்டாம். மூன்று நாளும் கண்ணாடி மாதிரி கிடந்த உப்பங்கழியில் ஓட்டவிட்டு, "ஆளைப் பார்த்து நேரா போங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வார்த்தைக்கு நான் ஒரு தேர்வைக் கொடுத்தேன்.

ஜூன் முதல் வாரம், ஊட்டி பக்கத்துப் பைக்காரா நீர்த்தேக்கம். தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர் பக்கமிருந்து மலையேறி வந்து, நேராக நீர்த்தேக்கத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அலைத் தலைகளில் அங்கங்கே வெள்ளை. விழுந்த ஆளுக்குப் பதிலாகத் தேர்வாளர் இருபது லிட்டர் கேனில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, அதற்கு ஒரு பழைய லைஃப் ஜாக்கெட் மாட்டித் தூக்கிப் போட்டார். நான் கத்தினேன், கை காட்டச் சொன்னேன், வட்டமடித்தேன். எல்லாம் சரி. ஆனால் திரும்பி வந்தது காற்றுக்கு மேல்பக்கத்திலிருந்து, அதாவது காற்று வருகிற பக்கத்திலிருந்து. வேகத்தைக் குறைத்தேன், கியரை எடுத்து நியூட்ரலுக்குப் போடவில்லை. கடைசி மூன்று மீட்டரில் ஒரு வீச்சுக் காற்று படகைத் தூக்கிக் கேனின் மேலேயே தள்ளியது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பின்னால் திரும்பிப் பார்த்தபோது ஆரஞ்சுத் துணி ஒரு கிழிசலாக மேலே வந்தது. அதைச் சுற்றி வெள்ளை நுரைப்பஞ்சு துணுக்குத் துணுக்காக மிதந்தது, அரிசியைக் கொட்டின மாதிரி.

"என்ஜினை அணைங்கம்மா" என்றார் தேர்வாளர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் துணுக்குகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "துடுப்புப் போடும்போது பிடரியில காத்து படும்ல தாயி, அங்க எங்க பட்டுச்சு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. துடுப்புப் படகில் நாம் பின்னோக்கி உட்காருகிறோம். எதிர்காற்று வந்தால் பிடரி சொல்லிவிடும், படகின் வேகமும் நடக்கிற வேகம்தான். மோட்டார் படகில் முன்னோக்கி உட்காருகிறோம். ஓடுகிற படகு தானே ஒரு காற்றை உண்டாக்கி முகத்தில் அறைகிறது. வண்டியில் போகும்போது எந்தத் திசையில் போனாலும் எதிர்காற்று அடிக்கிற மாதிரி இருக்குமே, அதேதான். உண்மையான காற்று பக்கவாட்டிலிருந்து வந்தாலும் முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். எனக்குப் பதினைந்து வருடமாகப் பழகின உணர்வு அங்கே எனக்கே தப்பாகச் சொல்லியது.

அதனால் நான் சொல்லப்போகும் முதல் யோசனையும், தேவைப்பட்டால் ஒரே யோசனையும் இதுதான்: நியூட்ரலுக்குப் போடுங்கள், பத்து எண்ணுங்கள்.

வட்டமடித்துவிட்டு, ஆளை நெருங்குவதற்கு முன்னால், தள்ளி நிற்கும்போதே இதைச் செய்யுங்கள். படகு தன் ஓட்டத்தை இழந்ததும் உண்மையான காற்று தெரியும். முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு காதிலும் இரைச்சல் சமமாகக் கேட்கிற இடத்தில் காற்று உங்கள் மூக்குக்கு நேராக இருக்கிறது. சும்மா விட்ட படகின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்றும் பாருங்கள், காற்று அதைத் தள்ளுகிற பக்கம் அது. பத்து விநாடி நீளமாகத் தோன்றும். கூட இருப்பவர் "என்ன ஆச்சு?" என்று பார்ப்பார். பரவாயில்லை. செப்டம்பரில் நான் வாய்விட்டே எண்ணினேன். நான் இயல்பிலேயே நிதானமானவள், சட்டென்று முடிவெடுக்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். அவர்கள் ஐந்து வரையாவது எண்ணட்டும்.

இதை எப்படிப் பழகினேன் என்றால், ஜூலையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன்னால், ஏரி நடுவில் துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் காற்று வரும் திசையைக் கையால் காட்டுவேன். அப்பா சரியா தப்பா என்று சொல்வார். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு. மலை ஏரியில் காற்று ஒரே திசையில் நிற்காது. மரத்தோப்பைத் தாண்டினால், ஒரு மேட்டைச் சுற்றினால், மாறிவிடும். கரையில் பார்த்து வைத்த திசையை நம்பித் தண்ணீரில் இறங்கக் கூடாது.

சரி, அந்தப் பயிற்சியை நான் செப்டம்பரில் செய்த வரிசை:

- கத்தினேன். ஆள் விழுந்த பக்கமே படகைத் திருப்பினேன், பின்பக்கமும் ப்ரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும்.
- ஒருவரைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அவருக்கு வேறு வேலை கிடையாது. இரண்டடி அலையிலேயே ஒரு தலை காணாமல் போய்விடும்.
- மிதவை வளையத்தை எறிந்தேன்.
- காற்றுக்குக் கீழ்ப்பக்கம் சுற்றிப் போனேன். நியூட்ரல், பத்து.
- படகின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, மெல்ல ஏறினேன்.
- ஒரு படகு நீளம் இருக்கும்போதே கியரை எடுத்தேன். கை எட்டுவதற்குள் என்ஜின் அணைந்திருந்தது.
- தூக்கும்போது மற்றவர்களை எதிர்ப்பக்கம் நகரச் சொன்னேன், எழுந்து நிற்காமல்.

மேல்காற்றுப் பக்கம் நின்று மிதந்து வந்து ஆளை எடுக்கிற முறையும் உண்டு, சிலர் அதையே கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் நெருக்கமான அலையில் படகு பக்கவாட்டாகக் கிடக்கும். அலை தூக்கி ஆளின் தலையில் இறக்கிவிடும். நான் பார்த்தேன், அதனால் எனக்கு வேண்டாம்.

அலையைப் பற்றி. கடல் ஆட்கள் ஏரி அலையைச் சின்னதாக நினைக்கிறார்கள். உயரம் சின்னதுதான், ஆனால் ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது. காற்று தண்ணீரின் மேல் எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ அவ்வளவு அலை வளரும். அதனால் காற்று புறப்படுகிற கரை அமைதியாகவும், போய் மோதுகிற கரை கொந்தளித்தும் இருக்கும். படகுத்துறையில் நின்று பார்த்து "இன்னைக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள், நீங்கள் நிற்பது அமைதியான கரையாக இருக்கலாம். அணைச்சுவர் பக்கம் இன்னும் மோசம். மோதித் திரும்புகிற அலையும் வருகிற அலையும் கலந்து கொதிக்கும்.

இந்த அலையில் மூக்கை நேராகவும் கொடுக்காமல், விலாவையும் காட்டாமல், சுமார் 45 பாகை சாய்வாக ஏறுங்கள். வேகம், திருப்பினால் படகு கேட்கிற அளவுக்கு மட்டும். திரும்ப வேண்டுமென்றால் பெரிய அலைகள் போன பிறகு வருகிற இடைவெளியில் ஒரே மூச்சில் திரும்புங்கள். அலை பின்னாலிருந்து வந்தால், எடையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, முன்னால் போகிற அலையின் முதுகிலேயே இருங்கள். அதைத் தாண்டிக் குதித்தால் மூக்கு தண்ணீரில் குத்தி, படகு பக்கவாட்டில் சுழன்றுவிடும். என்ஜின் நின்றுவிட்டால் பதறாமல் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி மூக்கிலிருந்து இறக்குங்கள், அது இழுத்துப் பிடித்து மூக்கைக் காற்றுப் பக்கமே வைத்திருக்கும். வாய்மொழியில் இதைக் கேட்டார்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தரவில்லை. உயரத்தில் காற்று மெலிது, என்ஜின் சக்தி குறையும். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்று கணக்கு. பைக்காரா 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கீழே பழகிய கைக்கு, த்ராட்டிலைத் திருகியும் படகு எழுந்திருக்காத மாதிரி இருக்கும். அதையும் எதிர்காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

வாய்மொழியில் பயணிகள் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும். எனக்கு வந்தது: "கரையில் யானை தெரியுது, எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து ஓடுறாங்க, என்ன செய்வீங்க?" இதைக் கற்பனைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது அதில் பேசப்பட்ட காரணம். அவர்கள் எழுந்த பிறகு நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. கிளம்புவதற்கு முன்பே, படகுத்துறையில் கட்டியிருக்கும்போதே, "எதைப் பார்த்தாலும் உட்கார்ந்துதான் பார்க்கணும், நான் படகைத் திருப்பிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட வேண்டும். நான் இதைத்தான் பதிலாகச் சொன்னேன். தேர்வாளர் முதல்முறையாகத் தலையாட்டினார்.

குளிர். நீச்சல் சோதனையில் மூன்று பேர் திணறியது நீச்சல் தெரியாமல் இல்லை. குளிர்ந்த நீரில் விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு தன் போக்கில் வாங்கும். அந்த நேரத்தில் நீந்தப் பார்த்தால் தண்ணீரைக் குடித்துவிடுவீர்கள். மல்லாந்து, வாயை மேலே வைத்து, மூச்சு அடங்கும்வரை மிதங்கள். அதன்பிறகு நீந்துங்கள். கவிழ்ந்தால் படகை விட்டுப் போகாதீர்கள், கரை பார்க்கிறதை விடத் தூரம்.

கையிலும் மனதிலும் இருக்க வேண்டியவை:

- கில் கார்டு, ஓட்டுகிறவர் விழுந்தால் என்ஜினை அணைக்கிற கயிறு. என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் காலில் மாட்டுங்கள். மறந்தால் அங்கேயே முடிந்தது.
- லைஃப் ஜாக்கெட் பட்டை எல்லாம் இறுக்கமாக. தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது தூக்கச் சொல்லிப் பாருங்கள், காதைத் தாண்டி ஏறினால் அளவு தப்பு.
- விசில், கழுத்தில் அல்ல, ஜாக்கெட்டில் கட்டி.
- ஜீன்ஸ் வேண்டாம்.
- இரண்டு செட் மாற்றுத்துணி, ஒரு ஃப்ளாஸ்க் சுக்குக் காப்பி.
- இடி சத்தம் கேட்டால் தேர்வாளர் சொல்கிறவரை காத்திருக்காதீர்கள், கரைக்குத் திருப்புங்கள். அதற்கு மதிப்பெண் குறையாது.

பெயர் கொடுத்த நான்கு பேரும், வர முடிந்தால், ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கு வந்துவிடுங்கள். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஏழரை வரை படகு காலியாக இருக்கும். கண்ணைக் கட்ட ஒரு துண்டு மட்டும் எடுத்து வாருங்கள்.