செங்கோட்டை யார்டு: கடைசி கிராஸ் ஓவரும் திரும்பிவிட்டது

வீட்டில் நான் செய்துவரும் மாடல் ரயில் யார்டில், பகவதிபுரம் பக்கத்துக் கோடியில் இருக்கும் கிராஸ் ஓவர் (பக்கத்துப் பக்கத்துத் தடங்களைக் குறுக்கே இணைக்கும் வழி) நேற்று ராத்திரி ஒரே அமுக்கில் திரும்பிவிட்டது. அதன் இரண்டு பாயிண்டும் (தடம் பிரிகிற இடங்கள்) சேர்ந்து, பாதியில் நிற்காமல். மீட்டர் கேஜ் காலத்துச் செங்கோட்டையைச் செய்கிறவனுக்கு இது இல்லாமல் முடியாது. மலையேறும் வண்டிக்குப் பின்னால் தள்ளுகிற இன்ஜின் என் யார்டில் இந்த வழியாகத்தான் வந்து கோர்க்க வேண்டும். (என் மாடல் அளவுக்கு 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் போட்டிருந்தால்தான் மீட்டர் கேஜுக்கு அளவு சரியாக இருக்கும். எனக்குக் கைக்கு எட்டியது 16.5தான், அதிலேயே ஓட்டுகிறேன்.)

கன்ட்ரோல் பலகைக்குப் பக்கத்துப் பாயிண்டுகள் எதுவும் மக்கர் செய்யவில்லை. இந்தக் கோடி ஜோடிதான் உயிரை வாங்கியது. ஒன்று திரும்பும், மற்றது லேசாக உதறிவிட்டு, அதன் நகரும் தண்டவாள நாக்கு நடுவிலேயே நிற்கும். இப்படிச் சொன்னாலே எல்லோரும் சொல்வது, “சிடியூவில் பெரிய கெப்பாசிட்டர் போடு” என்றுதான். (சிடியூ என்பது கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, பட்டனை அமுக்கியதும் ஒரே அடியாகக் கொட்டும் சர்க்யூட்.) எனக்கு அதில் சம்மதம் இல்லை. முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும்.

கணக்கு இதுதான். பாயிண்டைத் தள்ளுவது பெக்கோ கம்பெனியின் சோலினாய்டு மோட்டார், அதாவது காயிலுக்குள் மின்காந்தம் இழுக்கும் தண்டு. அதன் காயிலை மீட்டரில் அளந்தால் நாலு ஓம் சொச்சம். கிராஸ் ஓவரில் இரண்டு மோட்டாரும் ஒரே பட்டனில் இணையாக இருப்பதால் இரண்டு ஓம் சொச்சம்தான். பலகையிலிருந்து அங்கே 5 மீட்டர். போக வர 10 மீட்டர். மேடைக்கடியில் ஓடியது அரை மில்லிமீட்டர் டெலிபோன் ஒயர். அந்த நீளத்துக்கு அதன் தடை கிட்டத்தட்ட 0.9 ஓம். ஆக, கெப்பாசிட்டர் கொட்டுகிற சக்தியில் சுமார் 30 சதவீதத்தை ஒயரே தின்றுவிடுகிறது. ஒற்றைப் பாயிண்டுக்கு இந்த இழப்பு தெரியாது, நாக்கைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைத் தாண்டிவிடும். ஜோடிக்குத் தாண்டாது. அதை எடுத்துவிட்டு, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்தேன். தடை 0.17 ஓமுக்கு இறங்கியது, இழப்பு எட்டு சதவீதத்துக்குள். காமன் ரிட்டர்னுக்கும் (மின்சாரம் திரும்பி வரும் பொது ஒயர்) அதே ஒயர்தான். பலர் போகிற ஒயரை மட்டும் தடிமனாக்கிவிட்டு ரிட்டர்னை விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் இரண்டு வழியிலும்தானே ஓடுகிறது!

கெப்பாசிட்டரையும் விடவில்லை. 18-0-18 டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாதியை எடுத்து பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் கொடுத்தால் 24 வோல்ட் டிசி வரும், லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். அதனால் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஆகாது, 35தான். ஜங்ஷன் பக்கத்துக் கடையில் 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட்டில் இல்லை. “2200 ரெண்டு எடுத்துச் சேத்துப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, 4400 வந்துரும்லா” என்றார் கடைக்காரர். சரியான யோசனை. 24 வோல்ட்டில் 1.27 ஜூல், ஜோடிக்குத் தாராளம். சார்ஜ் ஆக 220 ஓம் 5 வாட் ரெசிஸ்டர். மூன்று விநாடி காத்திருந்தால் அடுத்த அமுக்குக்குத் தயார். பட்டனை யாராவது அமுக்கியபடியே வைத்திருந்தாலும் காயிலுக்குப் போவது பத்தில் ஒரு ஆம்பியர்தான், கருகாது. அண்ணன் மகன் வந்தால் விரலை எடுக்கவே மாட்டான், அதற்கு இது வேண்டும்.

பட்டனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஜோடி அடிக்கும்போது அந்தக் கணத்தில் பத்து ஆம்பியர் பாய்கிறது. பொடிசான புஷ் பட்டன்களின் முனை கருத்துப்போகும். காலிங்பெல் ஸ்விட்ச் போட்டேன். பலகையில் அழகு கம்மிதான், ஆனால் அமுக்கினால் உறுதியாக இருக்கிறது.

ஆனி, ஆடிக் காற்றில் இந்தப் பக்கம் வீட்டுக்குள் வருகிற புழுதியை நினைத்தால்தான் கவலை. சோலினாய்டு தண்டில் எண்ணெய் விட்டால் புழுதி அப்பிக்கொண்டு இறுகும். பென்சில் கரியைத் தூளாக்கித் தடவியிருக்கிறேன்.

பாயிண்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராஸிங் முனைக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப முனையின் துருவம் மாற வேண்டும், அதற்கு மைக்ரோ ஸ்விட்சைத் தண்டோடு சேர்த்துக் கட்டுவதா, மோட்டார் அடியில் மாட்டும் ஸ்விட்சை வாங்குவதா என்று பார்க்கிறேன். அதற்குள் மனம் கை சிக்னலுக்கு (கம்பத்தில் கை ஏறி இறங்கும் பழைய சிக்னல்) போய்விட்டது. அதற்கு சோலினாய்டு வேண்டாம், 5 வோல்ட் சர்வோ என்ற குட்டி மோட்டார் போதும், கை மெதுவாக இறங்கும். இரண்டு சர்வோவுக்குச் சொல்லியும் வைத்துவிட்டேன்.