யார் சாடை?

கருமுட்டை தானம் பெற்றுக் கருத்தரிக்கும் சிகிச்சைக்காக நானும் என் கணவரும் கும்பகோணத்திலிருந்து கோலாலம்பூர் வரை சென்றோம். இதே சிகிச்சையைச் செய்யும் தேர்ந்த மருத்துவர்கள் திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில், குழந்தை பிறந்த செய்தி கேட்டு வருகிற உறவினர் எவரும் தொட்டிலை எட்டிப் பார்த்து "யார் சாடை?" என்று கேட்காமல் திரும்புவதில்லை, மூக்கு அப்பத்தாவுடையதா, நெற்றி அம்மாச்சியுடையதா என்பதை ஆளுக்கொரு பக்கமாக வழக்காடித் தீர்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். அந்தக் கேள்வியின் முன்னால் நிற்க வேண்டியிருக்குமே என்ற அச்சம்தான், மருத்துவமனை வாசலில் தெரிந்த முகம் எதிர்ப்படாத ஊராகத் தேடச் செய்தது.

எனக்கு நாற்பது வயது ஆகும் முன்பே சினைப்பை ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்த மருத்துவர், என்னுடைய முட்டையை வைத்து முயல்வது பணத்துக்கும் உடம்புக்கும் வீண் செலவு என்று நேராகவே சொன்னார். கருப்பையில் கோளாறு எதுவும் இல்லை. முட்டையின் வயதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறதே தவிர, சுமக்கிற பெண்ணின் வயது அந்த அளவுக்குத் தீர்மானிப்பதில்லை என்று அவர் விளக்கியபோதுதான் தானம் என்ற வழி எனக்குப் புரிந்தது. குழந்தை வரம் வேண்டித் திருக்கருகாவூர் அம்பாள் சந்நிதியில் வாங்கிவந்த நெய்யை அதற்கு முன்பும் சாப்பிட்டேன், பின்பும் சாப்பிட்டேன். ஒன்றை நம்புவதற்காக இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வெளியே போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 23 முதல் 35 வயது வரையிலான பெண் மட்டுமே முட்டை கொடுக்கலாம். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 7 முட்டைகளுக்கு மிகாமல். ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரவும் கூடாது. எடுத்த 7 முட்டையும் முதிர்ந்ததாக இருக்காது, முதிர்ந்தது எல்லாமும் கருவாகாது, கருவானது எல்லாமும் ஐந்தாம் நாள் வரை வளராது. ஆகவே கடைசியில் கையில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். ஆயினும் இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முட்டை கொடுக்கும் பெண் பல நாள் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தின் கீழ் முட்டையை எடுக்கக் கொடுக்கிறாள். ஊசியின் வேகத்தில் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் உண்டு. வறுமையின் காரணமாக ஒரே பெண் மீண்டும் மீண்டும் அதற்கு உட்படக் கூடாது என்று வரம்பு கட்டியது நியாயமே. அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டுகொண்டே நான் விமானம் ஏறினேன் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்ததற்கு, திருச்சியிலிருந்து ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்பதும், என் கணவரின் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதும் காரணங்கள். மலேசியாவில் முஸ்லிம்களுக்கு மதத் தீர்ப்பின்படி தானம் அனுமதிக்கப்படுவதில்லை. மற்றவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகள் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தமிழ்ப் பெண் ஒருவரின் முட்டை கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. சாடை குறித்த அச்சம் கடலைத் தாண்டியும் எங்களோடு வந்தது என்று இதற்குப் பொருள்.

சிகிச்சையின் பெரும்பகுதி ஊரிலேயே நடந்துவிட்டது. முதல் பயணத்தில் இரத்தப் பரிசோதனைகளை முடித்து, கணவரின் விந்தணுவை உறைநிலையில் வைத்துவிட்டுத் திரும்பினோம். பிறகு கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடங்கி, தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்து, கருப்பையின் உட்சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து மூன்று கோடாகத் தெரிகிறதா என்று பார்த்து, படத்தைக் கைப்பேசியில் அங்கே அனுப்புவோம். சுவர் தயாரானதும், கருவை ஏற்க அதைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் மருந்தைத் தொடங்கிவிட்டு, கருவை வைத்துக்கொள்ள மறுபடியும் போக வேண்டும். அங்கே உறையவைத்த கருவை இங்கே கொண்டுவந்து உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் விசாரித்தவர்கள் உண்டு. முடியாது, ஆராய்ச்சிக்கு அல்லாமல் மனிதக் கருவை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வது 2015-இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் கட்டணத்தையும் வெற்றி விகிதத்தையும்தான் ஒப்பிடுகிறார்கள். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். ஆனால் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர், தம் குழந்தை பின்னாளில் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவுசெய்து தானம் கொடுத்தவரின் பெயரை, பிறந்த குழந்தை 18 வயதில் கேட்டுப் பெறலாம். ஸ்பெயினில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடையாளரின் அடையாளம் மறைக்கப்பட்டே இருக்கும். ஜெர்மனியில் முட்டை தானத்துக்கே இடமில்லை. நாங்கள் சென்ற மருத்துவமனையில் பெயர் மறைவு என்பதே வழக்கம். வயது, இரத்த வகை, உயரம், படிப்பு, குடும்ப நோய்கள் ஆகியவற்றோடு ஒரு தாள் தந்தார்கள். பெயர் தெரியாததை அன்று வசதி என்று நினைத்தேன். அந்த வசதி எனக்குரியது, குழந்தைக்குரியது அல்ல.

இரகசியத்தைக் காப்பாற்றத்தான் அவ்வளவு தூரம் போனோம் என்றாலும், யாரிடமாவது சொல்லாமல் இருக்க இயலவில்லை. நான் முதலில் சொன்ன நெருங்கிய உறவினர் ஒருவர், என் உடல்நிலையைப் பற்றியோ செலவைப் பற்றியோ கேட்கவில்லை, "பொண்ணு நம்ம ஆளுங்கதானா?" என்றுதான் கேட்டார். மருத்துவமனை தந்த தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றேன். இருந்திருந்தால் நானே பார்த்திருப்பேனோ என்னவோ, கட்டம் இல்லாமல் போனதில் எனக்கு நிம்மதிதான்.

மாமியாரிடம் சொல்லவே மிகவும் தயங்கினோம். குறுவைக்கு நாற்று விட முடியாத ஆண்டுகளில் பக்கத்து ஊரிலிருந்து நாற்றுக்கட்டு வாங்கி நட்டுப் பழகியவர் அவர். "யார் வயக்காட்டு நாத்தா இருந்தா என்ன, நட்ட வயல்லதானே விளையுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதைவிட ஆறுதலான பேச்சை நான் கேட்டதில்லை. ஆயினும் அந்த உவமையில் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு: நாற்று வளர்ந்தபின், தான் எங்கிருந்து வந்தோம் என்று கேட்பதில்லை. எங்கள் மகள் கேட்பாள். ஆகவே, ஒரு அக்கா கொடுத்த முட்டையிலிருந்து அவள் வந்தாள் என்பதை இப்போதிருந்தே, அவளுக்குப் புரிகிற அளவில் சொல்லி வருகிறோம்.

இதை மறைக்க நினைப்பவர்களோடு நான் அறம் பேசப் போவதில்லை. ஆனால் மருத்துவரிடமாவது மறைக்காதீர்கள். மூன்றாம் மாதத்தில் குழந்தைக்கு டவுன் நோய்க்குறிக்கான வாய்ப்பைக் கணிக்கும் இரத்தப் பரிசோதனையில் தாயின் வயதை எழுதச் சொல்வார்கள். கணக்கில் ஏற வேண்டியது முட்டை கொடுத்தவரின் வயது. என் வயது 41, அவருடையது 24. என் வயதை எழுதியிருந்தால் காரணமில்லாமல் அபாயக் கணக்கு உயர்ந்து, ஊசி குத்திப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் வரை போயிருக்கும். படிவத்தில் 24 என்று கண்ட ஆய்வுக்கூடத்துப் பையன், எழுத்துப் பிழை என்று நினைத்துத் தொலைபேசியில் அழைத்தான். என் கணவர் பதற்றமில்லாமல் விளக்கினார். தானமாகப் பெற்ற முட்டையில் உண்டாகும் கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுதல் என்பதால், உண்மை தெரிந்த என் மருத்துவர் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்து, வருகைதோறும் அழுத்தத்தைக் குறித்துவந்தார்.

அங்கிருந்து கிளம்பும் முன், முட்டை எடுத்த நாளில் கொடையாளரின் வயது, இரத்த வகை, தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களுக்கான பரிசோதனை முடிவு, கரு வைத்த தேதி, வைத்தபோது கருவின் வயது ஆகியவற்றைக் கையொப்பத்துடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவத் தேதியும் அந்தத் தாளிலிருந்துதான் வரும். ஐந்தாம் நாள் கரு என்றால், வைத்த தேதியிலிருந்து 261 நாள்.