எந்த ‘ஓம்’?

எங்கள் ஊரில் ‘ஓம்’ என்றால் சம்மதம். ‘கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ’ என்பதற்கும் அதே ‘ஓம்’தான். அந்த ஐயாவுக்கு நான் சொன்னது எந்த ‘ஓம்’ என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை.

டச்சுக்குடாப் பக்கம் வள்ளங்களுக்கு இஞ்சின் திருத்துகிறவர். வயது 67, சுருட்டுக்காரர். இருதயத்தில் மூன்று அடைப்பு, கொழும்பில் பைபாஸுக்குப் பதிந்தாயிற்று. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது இடப்பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது. இரத்த ஓட்டம் பார்க்கிற டொப்ளர் ஸ்கான் எடுக்கச் சொன்னது நான்தான். கழுத்து நாடி 80 சதவீதத்துக்கு மேல் ஒடுக்கம். ஆனால் வாய் கோணியதோ கை விறைத்ததோ ஒரு நாளும் இல்லை. சொப்பிங் பையிலிருந்து ரிப்போட்டை எடுத்து வைத்து, கிரீஸ் போகாத நகத்தால் அந்த 80-ஐத் தட்டினார்.

“பிள்ளை, இஞ்சின் ஹெட்டைக் கழட்டினா மற்றதையும் பாத்துட்டுத்தானே பூட்டுவம். ஒரே மயக்கத்தில ரெண்டையும் முடிக்கலாம்தானே?”

“ஓம் ஐயா, அப்பிடியும் செய்யிறவை.” குனிந்து மருந்து எழுதிக்கொண்டே சொன்னேன். வெளியே இன்னும் நாற்பது பேர்.

பொய் சொல்லவில்லை. முதலில் கழுத்து நாடியைத் திறந்து உள்ளே அடைத்திருக்கும் கொழுப்புப் படிவை எடுத்துவிட்டு, அதே மயக்கத்தில் நெஞ்சைத் திறப்பது 1970களிலிருந்தே நடக்கிற வேலை. ஏற்கெனவே பாரிசவாதம் எட்டிப் பார்த்தவர்கள், இரண்டு பக்கமும் ஒடுங்கியவர்கள் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். இவர் அந்த வகை இல்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கொழும்பில் நெஞ்சு மட்டும் என்று முடிவெடுத்தார்கள். “எங்கட டொக்டர் சேத்துச் செய்யலாம் எண்டவ” என்று இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஐயா கையெழுத்து வைத்தாராம். ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் இடது கையும் காலும் விழுந்துவிட்டன.

மகள் வந்தாள். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “நீங்க சொன்ன மாதிரி ஒண்டாச் செய்திருந்தா அப்பாவுக்கு இப்பிடி வந்திராது, என்ன டொக்டர்?”

ஒரு துண்டுக் கடதாசியில் கீறிக் காட்டினேன். இடது கழுத்து நாடி இடது மூளைக்குப் போகிறது; அது ஆட்டுவது வலது கையை. அப்பாவுக்கு விழுந்தது இடது கை. ஆகவே அந்த ஒடுக்கத்தில் பழி போட முடியாது. பெருநாடியில் கிளாம்ப் போடும்போது படிவு உதிர்ந்து மூளைக்கு ஏறுவதுண்டு, அப்படி ஏதாவது இருக்கலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். 2017இல் வெளிவந்த ஒரு ஆய்வையும் இழுத்தேன். ஐயாவைப் போல அறிகுறி இல்லாத, 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒடுக்கம் உள்ளவர்கள். சேர்த்துச் செய்தவர்களில் 30 நாளுக்குள் பாரிசவாதமோ மரணமோ 18.5 சதவீதம், நெஞ்சு மட்டும் செய்தவர்களில் 9.7.

சொல்லாமல் விட்டது: மொத்தமே 129 பேர், ஆய்வு பாதியில் நின்றது, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஏன் விழுங்கினேன்? அவளைக் குழப்பக் கூடாது என்றுதான். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆய்வை நான் தேடிப் படித்ததே அவருக்குக் கை விழுந்த பிறகு.

அவள் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பிசியோவுக்கு எந்த நாள் கொண்டு வாறது?” என்று கேட்டாள்.

சில நாட்களில் இப்படியும் தோன்றும்: எங்களிடமிருந்து இரவு ரயிலேறிப் போகிறவர்களில் பாதிப்பேர் கொழும்பில் வாய் திறப்பதே இல்லை. இவர் திறந்தார், அவர்கள் உட்கார்ந்து விளக்கினார்கள். என் ‘ஓம்’ அந்த மட்டுக்காவது உதவியதோ என்னவோ. இரவில் இது நல்ல நியாயமாகப்படும். காலையில் கிளினிக் கதவைத் திறந்ததும் கரைந்துவிடும்.

போன மாதம் அவரே வந்தார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. வலது விரலால் கழுத்தைத் தொட்டார்.

“இது இன்னும் அப்பிடியேதானே கிடக்கு பிள்ளை. இனி இதைத் தனியத் திறப்பினமோ?”

‘ஓம்’ வாய்வரை வந்தது. பேனையை வைத்துவிட்டு, அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கி, டொப்ளர் திகதி எங்கே எழுதியிருக்கிறது என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினேன்.