கலிபோர்னியா மாநிலப் பூங்காவுக்குத் துணைச் சங்கம்: சங்கப் பதிவு முதல் களை பிடுங்குவது வரை

"பக்கத்துப் பூங்காவுக்கு நாமே ஒரு சங்கம் ஆரம்பித்தால் என்ன?" என்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் ஏறத்தாழ 280 மாநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. பலவற்றுக்கு, பூங்காத் துறையோடு ஒப்பந்தம் போட்ட துணைச் சங்கம் ஏற்கெனவே உண்டு. இருந்தால் அதிலேயே சேர்ந்துவிடுங்கள். ஒரே பூங்காவுக்கு இரண்டு சங்கம் என்றால் இரண்டும் ஒரே நன்கொடையாளரின் கதவைத்தான் தட்டும்.

மண்வெட்டி பிடிக்க மட்டும் ஆசை என்றால் சங்கமே வேண்டாம். அந்தப் பூங்காவின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரிடம் சேவை ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அன்றன்றைய வருகைத் தாளை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அடிபட்டால் இழப்பீட்டுக் காப்பீடு பதிவுபெற்ற தன்னார்வலருக்குத்தான். தாளில் பெயர் இல்லாதவர் வெறும் பார்வையாளர்.

பணம் திரட்டவும் துறையோடு ஒப்பந்தம் போடவும்தான் பதிவு தேவை. அதில் வரிசை முக்கியம். முதலில் மாநிலச் செயலரிடம் பொதுநல அமைப்பாகப் பதிவு. கட்டணம் 30 டாலர். செயலர் அலுவலகமே தரும் படிவத்தைப் பயன்படுத்துங்கள். சொந்தமாக எழுதினால், சங்கம் கலைந்தால் சொத்து வேறொரு அறநிறுவனத்துக்குப் போகும் என்ற பிரிவு விட்டுப்போகும். வரிவிலக்கு அங்கேயே சிக்கும். பதிவு முடிந்தபின் வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் இஐஎன் என்ற அமைப்பு அடையாள எண், இணையத்தில் இலவசம். அடுத்து 501(சி)(3) என்ற மத்திய வரிவிலக்கு. ஆண்டு வரவு 50,000 டாலரையும் சொத்து 2,50,000 டாலரையும் தாண்டாது என்றால் 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவம் போதும். கட்டணம் 275 டாலர். முழுப் படிவத்துக்கு 600.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. மாநில வரிவிலக்கு தனி. ஐஆர்எஸ் கடிதத்தை இணைத்து 3500ஏ படிவம் அனுப்பாவிட்டால், குறைந்தபட்ச வரியாக ஆண்டுக்கு 800 டாலர் கேட்டுக் கடிதம் வரலாம். முதல் நன்கொடை கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அறக்கட்டளைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். சிறு சங்கங்கள் ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பும் 990-என் என்ற சுருக்க அறிக்கை நாலே நிமிட வேலை; தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் விலக்கு தானாகவே ரத்து. பொருளாளர் மாறும்போதுதான் இது நடக்கிறது. நினைவூட்டல் அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். பதவிக்கென்று தனி முகவரி வைத்துவிடுங்கள்.

பூங்காவையே ஏற்று நடத்துவது வேறு கதை. 2011 மே மாதம், நிதி இல்லை என்று 70 பூங்காக்களை மூடப்போவதாக மாநிலம் பட்டியல் வெளியிட்டது. லாப நோக்கற்ற அமைப்புகள் நடத்த ஏபி 42 சட்டம் அதே ஆண்டு வழிவிட்டது. 2012-இல் ஜாக் லண்டன் பூங்காவை அதன் துணைச் சங்கமும், ஷுகர்லோஃப் ரிட்ஜ் பூங்காவை சொனோமா சூழலியல் மையத்தின் தலைமையில் ஒரு கூட்டணியும் ஏற்றன. ஊர் ஊராக உண்டியல் குலுங்கிக்கொண்டிருந்த அந்த ஜூலையில், பூங்காத் துறை கணக்கில் காட்டாமல் சுமார் 5.4 கோடி டாலர் வைத்திருந்தது வெளிவந்தது. இன்றைக்கும் நன்கொடையாளர்கள் அதைக் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பணம் சங்கத்தின் கணக்கில் இருக்கிறது, இந்தப் பூங்காவுக்கு மட்டுமே செலவாகும் என்பதை ரசீதிலேயே அச்சிட்டு வையுங்கள்.

களத்தில் இழுத்தடிப்பது மண்ணைத் தோண்டும் அனுமதி. ஒரு பலகைக் கம்பம் நடக்கூடத் தொல்லியலாளரும் உயிரியலாளரும் பார்த்துச் சொல்ல வேண்டும்; பழங்குடியினரின் வாழிடச் சுவடுகள் பல இடங்களில் மேல்மண்ணிலேயே கிடக்கின்றன. மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் குளிர்கால வேலைக்குக் கோடைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

பிரெஞ்சு புரூம் என்ற மஞ்சள் பூப் புதர் இங்கே பெரிய தலைவலி. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும்; வேரோடு இழுக்க வேண்டும். நல்ல மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது சிறியவை கையோடு வரும். கட்டைவிரலைவிடப் பருத்ததற்கு, தண்டைக் கவ்வி நெம்பும் களைநெம்பி வேண்டும். இழுத்த குழியை மிதித்து மூடுங்கள். காய் கறுக்கத் தொடங்கினால் வெடித்து விதை சிதறும்; அந்தக் கட்டத்தில் தொடாமல் இருப்பதே மேல். அடர்ந்த நடுப்பகுதியில் இறங்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி நிற்கும் ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள். மண்ணில் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வர ஆளில்லாமல் புது இடம் தொடங்குவது வீண்.

சிக்கல் என்னவென்றால், களை பிடுங்க வாகான அதே ஈரத்தில்தான் ஓக் மரங்களைக் கொல்லும் ஃபைட்டோஃப்தோரா நோயும் பரவுகிறது. கிருமி காலணிச் சேற்றில் பயணிக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் தூரிகையால் சேற்றைத் தேய்த்தெடுத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹால் தெளிக்க வேண்டும். சேற்றின் மேலேயே தெளித்தால் பயனில்லை. பிப்ரவரி தொடங்கிப் பறவைகள் கூடு கட்டும், அப்போது பெரிய புதரில் கைவைக்கும் முன் உயிரியலாளரிடம் கேளுங்கள்.

நடைபாதையில் தண்ணீர் ஓடி அரித்தால் எல்லோரும் குறுக்கே கல்லோ கட்டையோ பதிக்கப் பார்ப்பார்கள். சில மழையிலேயே அதன் மேல்பக்கம் மண்ணால் தூர்ந்துவிடும். நடப்பவர்கள் அதைச் சுற்றிப்போய்ப் பாதையை அகலமாக்குவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பாதையின் வெளி ஓரத்தில் மிதிபட்டு எழும்பிய மண்வரப்பு. ஒருபக்கம் பல்லும் மறுபக்கம் தகடும் கொண்ட மெக்லியோட் கருவியால் வரப்பை இழுத்து, ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு வெளி ஓரம் 5 செ.மீ. தாழும்படி சரித்தால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். கருவி பிடித்தவர்களுக்கிடையே 3 மீட்டர் இடைவெளி. தூக்கிச் செல்லும்போது தோளில் வேண்டாம். சரிவுப் பக்கக் கையில், இடுப்புக்குக் கீழே.