தடைக்காலத்தில் ஒரு சின்னப் படகு

ஏப்ரல் 16, 2025, புதன். தங்கச்சிமடம்

நேற்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்பா விடிந்ததும் படகைக் கரையேற்ற ஆள் பேச ராமேஸ்வரம் போய்விட்டார். பரீட்சை முடிந்தால் என் ஜெராக்ஸ் கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். சரி, இந்த 61 நாளில் நானும் ஒரு படகை முடிப்போம் என்று ஒரு வருஷமாக அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்த டிராலர் கிட்டை, அதாவது துண்டு துண்டாக ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் இழுவைப் படகு மாடலை, இறக்கினேன்.

இதுவரை நான் கட்டியதெல்லாம் விமானமும் டாங்கியும்தான். படகுக்காரன் வீட்டுப் பிள்ளை ஸ்பிட்ஃபயர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் குறை. ஆனால் நம் ஊர் விசைப்படகுக்கு ஒரு கிட்கூட என் கண்ணில் பட்டதில்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பது வடகடலில் ஓடும் இரும்புப் படகு, அளவு 1/142, அதாவது அசலில் 142-இல் ஒரு பங்கு.

ராத்திரி ஹல்லை, அதாவது படகின் உடலை, ஸ்கேல் வைத்து அளந்தேன், 23 சென்டிமீட்டர். 142-ஆல் பெருக்கினால் 32 மீட்டருக்கு மேல் வருகிறது, அது கப்பல். அதே ஹல்லை 1/72 என்று வைத்துக்கொண்டால் 16.5 மீட்டர், அதாவது 54 அடி. எங்கள் படகு 52 அடி! தூக்கம் போய்விட்டது.

ஹல் மட்டும்தான் தேறும். கிட்டில் உள்ள கேபின் கதவு 1.3 சென்டிமீட்டர், என் 1/72 ஆள் 2.4 சென்டிமீட்டர் உயரம், அவன் அந்தக் கதவில் தவழ்ந்துதான் நுழையணும். கதவு, ஏணி, கைப்பிடிக் கம்பி, வலையிழுக்கும் வின்ச் எல்லாம் குப்பைக்கு. குப்பைக்கு என்று சொன்னேனே தவிர உதிரி டப்பாவில்தான் போட்டேன், இந்தப் பொழுதுபோக்கில் எவனும் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பூசை, பிரியாணி, தூக்கம். கிட்டைத் தொடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஹல்லின் இரண்டு பாதியையும் ஒட்டியாயிற்று. டமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட். பெயர்தான் சிமெண்ட், உண்மையில் அது பசையே இல்லை, பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். இரண்டு பக்கமும் இளகி ஒன்றாகக் கலந்து, திரவம் ஆவியாகிப் போனதும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். இளகிய நேரத்தில் லேசாக அழுத்தினால் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய வரம்பு பிதுங்கி வரும். அதை உடனே துடைக்கக் கூடாது, ரெண்டு நாள் விட்டு உப்புத்தாளில் தேய்த்தால் மூட்டு இருந்த இடமே தெரியாது. இது தெரியாமல் ஆரம்பத்தில் எத்தனை விமானத்துக்கு முதுகில் விரல் ரேகை வைத்திருக்கிறேன்.

அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, எம்சீல் வைத்து உயர்த்தினேன், நம் படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. பின்பக்கத்தை ரம்பத்தால் வெட்டித் தட்டையாக்கினேன். கேபினுக்குக் கடையில் கிடந்த பழைய சிடி டப்பாக்கள். அதுவும் பாலிஸ்டைரீன்தான், அதே சிமெண்டில் ஒட்டும், கண்ணாடி மாதிரி இருப்பதால் ஜன்னல் தனியாக வைக்கத் தேவையில்லை, ஜன்னல் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டு மற்றதற்குப் பெயின்ட் அடித்தால் போதும். கீறினால் பட்டென்று உடையும் என்பது ஒன்றுதான் தொல்லை. நாலு டப்பா காலி.

ஒரு இடத்தில் அவசரப்பட்டு சூப்பர் க்ளூ வைத்தேன், முன் ஜன்னல் முழுக்கப் புகை படிந்த மாதிரி வெள்ளை. சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அப்போது வரும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்துவிடும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம். அஞ்சாவது டப்பா.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. நேற்று சாயங்காலம் ஹல்லுக்கு நீலம், கேபினுக்குப் பச்சை, அடியில் காவிச் சிவப்பு அடித்து, நன்றாகத்தான் வந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடல் காற்று ஜில்லென்று வீசும்போது லாக்கர் கிளியர், அதாவது பெயின்டுக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சு, அடிக்க உட்கார்ந்தேன். காலையில் பார்த்தால் நீலம் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்ததுதான் எரிச்சல். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்ந்துவிடும், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, காயும் பெயின்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மதுரையில் மாடல் கட்டுகிற நண்பன் ஒருவன் இந்தப் பிரச்சினையைக் கேள்விப்பட்டதே இல்லை என்றான், அவனுக்கென்ன. பெயின்ட் ஸ்பிரே அடிக்கும் கம்ப்ரஸரில், காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் பொறியைத் திறந்தால் அரை ஸ்பூன் தண்ணீர்.

மதியம் ரெண்டு மணிக்கு, வெயில் கொளுத்தும்போது, மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் மெல்லிசாக மேலே அடித்தேன். பூச்சு லேசாக இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நீலம் திரும்பி வந்தது. இனி ராத்திரியில் கிளியர் கிடையாது.

மே 11, ஞாயிறு

துரு வைக்கும் நாள். மாடல் கட்டுவதில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். பழுப்பு ஆயில் பெயின்டை அட்டையில் பிதுக்கி எண்ணெயை ஊறவிட்டு, ஊசிமுனை பிரஷால் ஒரு புள்ளி வைத்து, டர்பன்டைன் நனைத்த இன்னொரு பிரஷால் கீழ்நோக்கி இழுத்தால் மழையில் ஒழுகிய துரு மாதிரியே இறங்கும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ரெண்டு பக்கமும் அறுபது எழுபது கோடு. மூணு மணி நேரம். அசல் படகே தோற்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 13, செவ்வாய்

அப்பா கடைக்கு வந்தார், படகு லைசென்ஸ் நகல் எடுக்க. மேஜையில் இருந்ததைப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். கேபினை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம படகாடா?"

"ஆமாப்பா."

"ஓடாவிக்கும் பெயின்டருக்கும் இந்த வருசம் எவ்வளவு கொடுத்திருக்கேன் தெரியுமா? நீ என்னடான்னா காசு கொடுத்து அழுக்கை வாங்கிப் பூசுற." ஓடாவி என்றால் படகுத் தச்சர். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹல்லைத் திருப்பினார். "சரி, மரப்படகுக்கு எங்கேருந்துடா துரு வந்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் படகு மரம், மேலே ஃபைபர் ஒட்டியது. ஒரு இரும்புத் தகடு கிடையாது அந்த ஹல்லில். நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் இரும்புக் கப்பல், கிட்டும் இரும்புக் கப்பல், என் கையும் அப்படியே போய்விட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற படகு.

மே 18, ஞாயிறு

அப்பாவோடு ராமேஸ்வரம் கரைக்குப் போனேன். வரிசையாகப் படகுகள் கரையேறி நிற்கின்றன. ஓடாவிகள் பலகை மாற்றுகிறார்கள், தண்ணீர் புகாதபடி இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து அடிக்கிறார்கள், ஒரு பக்கம் ஃபைபர் வேலை, ரெசின் வாசனை என் கடை வாசனை மாதிரியே இருக்கிறது. எங்கள் படகுக்கு இன்னும் பெயின்ட் தொடங்கவில்லை, ஒரு வருஷ அழுக்கு அப்படியே இருந்தது, எனக்கு அதுதான் வேண்டும். போனில் நாற்பது படம் எடுத்தேன். பக்கத்துப் படகுக்காரர், "என்ன தம்பி, இன்சூரன்ஸா?" என்று கேட்டார்.

துரு இருக்கிறது, ஆனால் வின்ச், நங்கூரம், சங்கிலி, வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் இழுவைப் பலகையின் அடியில் இருக்கும் இரும்புப் பட்டை, போல்ட் தலை, இவ்வளவுதான். அதுவும் வின்ச்சில் வயர் உரசும் இடம் துருவே இல்லாமல் வெள்ளியாகப் பளபளக்கிறது, வாரத்துக்கு மூணு நாள் வயர் ஓடி ஓடித் தேய்த்த இடம். ஹல்லில் இருப்பது வேறு கதை. பின்பக்கத்தில் பலகை தொங்கி இடித்த இடம் பெயின்ட் போய்ப் பழைய பச்சை தெரிகிறது, அதற்கும் கீழே அதற்கு முந்தைய வருஷத்து வெள்ளை. பக்கவாட்டில் டயர் உரசிய கறுப்பு. புகைபோக்கிக்குப் பின்னால் கரி. தண்ணீர்க் கோட்டில் ஒரு விரற்கடை பாசி, அதன் மேல் உப்பு வெளுப்பு. வலை ஏறி இறங்கும் ஓரத்தில் மட்டும் மரம் வழுவழுவென்று எண்ணெய் தடவியது போல. ஏன் இங்கே மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார், நாங்கள் ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

ராத்திரி வந்து அறுபது கோட்டையும் அழித்தேன். கீழே கிளியர் இருந்ததால் டர்பன்டைன் துணியில் துடைத்ததும் துரு வந்துவிட்டது, நீலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சாம்பல் பூத்த கிளியருக்கு இப்போது நன்றி.

மே 25, ஞாயிறு

நேற்று பழைய பச்சை தெரிவதற்காக ஹேர்ஸ்பிரே வேலை. வெள்ளை, பச்சை, நீலம் மூன்றுக்கும் நடுவே ஹேர்ஸ்பிரே அடித்து, மேலே உள்ளதைத் தண்ணீர் தொட்டு பல் குச்சியால் சுரண்டினால் அடியில் உள்ளது எட்டிப் பார்க்கும். அதற்காகப் பின்பக்கத்தை மட்டும் மறுபடி முதலிலிருந்து அடித்தேன். தங்கச்சியின் ஹேர்ஸ்பிரே. அவளுக்குத் தெரியாது.

மே 30, வெள்ளி

பதிவு எண். ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் எழுத்துகள் இல்லாவிட்டால் அது ராமேஸ்வரம் படகே இல்லை. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கல் தாளில் கடை லேசர் பிரிண்டரிலேயே எடுத்தேன், இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் கரையும், மேலே கிளியர் அடித்துத்தான் நனைக்கணும், லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்தச் சாதாரண பிரிண்டரும் வெள்ளையை அச்சடிக்காது, அதனால் ஹல்லில் முதலில் வெள்ளைப் பட்டை அடித்து மேலே கறுப்பு எழுத்து ஒட்டினேன். ஒரு கஸ்டமர் ஆதார் நகலுக்குக் காத்துக்கொண்டே, "தம்பி, புதுப் பாம்பன் பாலத்தைச் செய்யலாமே" என்றார். தூக்குப் பகுதி மட்டும் 72.5 மீட்டர், 1/72-இல் அதுவே ஒரு மீட்டர். கடையைக் காலி பண்ணணும் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

கச்சான் காற்று பேய் மாதிரி அடிக்கிறது, மணல் ஜன்னல் வழியே வருகிறது, பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டு மடிக்கு, அதாவது இழுவலைக்கு, வந்தேன். நாலு சென்டிமீட்டர் கண்ணி 1/72-இல் அரை மில்லிமீட்டர் சொச்சம். மருந்துக்கடை காஸ் துணி சரியாக வந்தது. டீத்தண்ணீரில் ஊறவைத்தேன், அம்மா சிரித்தார், இப்போது மடியெல்லாம் பச்சை நைலான் ஆயிற்றே என்று. மறுபடி துவைத்துப் பச்சை மையில் போட்டேன். கயிறுக்கு ஸ்ப்ரூவை, கிட்டின் துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியை, மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த நூல், வயருக்கு அப்பாவின் தங்கூசி, தூண்டில் நரம்பு.

ஜூன் 14, சனி

முடிந்தது. பலகை ரெண்டையும் பின்பக்கத்தில் தொங்கவிட்டேன். அப்பா பார்க்கவில்லை, ஐஸும் டீசலும் ஏற்றும் வேலை. அசல் படகு புது நீலத்தில் கல்யாணமாப்பிள்ளை மாதிரி மிதக்கிறது, என் மேஜையில் இருப்பது அதே படகின் மார்ச் மாசம்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனவர்கள் இன்று காலை திரும்பினார்கள். இறால் பரவாயில்லை, விலைதான் சரியில்லையாம். அப்பா தூங்காத கண்ணோடு நேரே கடைக்கு வந்து, மாடலைக் கையில் எடுத்து, டயர் கறுப்பைத் தடவிப் பார்த்து, வின்ச் வெள்ளியைப் பார்த்து, தலையை ஆட்டினார். பின்பக்கத்தைத் திருப்பினார்.

"ரெண்டு காலுக்கும் வலது செருப்பைப் போட்டு விட்டிருக்கியேடா."

பலகை. ஒன்றைச் செய்து அதையே இன்னொன்றாக நகல் எடுத்திருந்தேன். ஜெராக்ஸ்காரன் புத்தி. வயர் மாட்டும் இரும்புக் கொண்டி ரெண்டிலும் உள்பக்கம் பார்க்கணும், இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர், அப்போதுதான் தண்ணீரில் ரெண்டும் விலகி மடியின் வாயைத் திறக்கும். என் படகில் இடது பலகை உள்ளே தள்ளும், மடி மூடிக்கொள்ளும், மீன் பாடு கிடைக்காது.

பிளேடை நுழைத்து இடது பலகையைப் பிடுங்கினேன். கூடவே ஒரு துணுக்கு நீலமும் வந்துவிட்டது. அந்த இடத்தில் அடியிலிருந்த பச்சை தெரிகிறது. அதைத் தொடவில்லை. பலகையை மட்டும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன்.