சுவருக்கு மேலால் வந்த கருவாடு

கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, அம்மாவுக்கு ஒரு கம்பளி ஆகியவற்றுக்கு நடுவே, வெள்ளை நிறத்தில் வட்டமான புகை அலாரம் ஒன்றும் இருந்தது. அதைக் கூரைச் சட்டத்தில் மாட்டிய நாளிலிருந்து இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எவராலும் நிம்மதியாக எதையும் தாளிக்க முடியவில்லை.

அதன் வயிற்றுக்குள் அமெரிசியம் 241 என்னும் கதிரியக்கப் பொருள் இம்மியளவு இருக்கிறது. அது இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள காற்றை மின்னேற்றம் பெறச் செய்வதால், மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். புகைத்துகள்கள் புகுந்து அந்த ஓட்டத்தைக் குறைத்தால் அலாரம் அலறும். ஆக, இந்தப் பெட்டிக்கு நெருப்பைத் தெரியாது; தன் மின்னோட்டம் குறைந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும். குறைத்தது எரியும் வீடா, வெடிக்கும் மிளகாயா, அடர்ந்த நீராவியா, உள்ளே குடிபுகுந்த சிறு பூச்சியா என்ற விசாரணையெல்லாம் அதனிடம் கிடையாது.

அமெரிசியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 432 ஆண்டுகள் ஆகும் என்று நான் சொன்னபோது, அம்மா கொஞ்சமும் அஞ்சவில்லை. நாம் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்துவிட்டு மறுநாள் அதே லய அறையான காம்பராவில்தான் கண்விழித்தோம் என்பதால், வீடு கட்ட அரசு தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் காணி கைக்கு வரும்வரை கெடாத சாமான் ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அவர் மகிழ்ந்தார். அலாரத்தைப் பத்து ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் தொல்லை மார்கழிக் குளிரில், ஊர் உறங்கும் நேரத்தில் தொடங்கியது. நிமிடத்துக்கு ஒரு தரம் கூரையிலிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. பல்லி சொல்கிறது என்று அம்மா முடிவு செய்து, எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பண விரயம் என்று வந்தது. பெட்டரி பலவீனமடைந்திருந்ததுதான் உண்மைக் காரணம். குளிர் கூடும்போது பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன வினை மந்தமாகி அழுத்தம் இறங்கும் என்பதால், கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெட்டரி பெரும்பாலும் இரவின் மிகக் குளிரான வேளையில்தான் முனகத் தொடங்கும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடவாததுபோல் மௌனமாகிவிடும். பட்டப்பகலில் பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்து காட்டினால், நாங்கள்தான் பொய்யர்கள். புதிய ஒன்பது வோல்ட் பெட்டரியின் விலையைக் கடையில் கேட்ட பிறகு, பல்லி பலனை நான் பழிப்பதில்லை.

அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி மாட்ட வேண்டும் என்று தம்பி தொலைபேசியில் வகுப்பு எடுத்தான். எங்கள் காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். அவன் சொன்னபடி அளந்துகொண்டே போனால், அலாரம் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையைத் தாண்டி, கான் என்னும் வடிகாலுக்கு மேலே அந்தரத்தில் தொங்க வேண்டும். 2022இல் எரிவாயு கிடைக்காமல் மிலாறு என்னும் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி விறகுக்குத் திரும்பிய அம்மா, எரிவாயு அடுப்பை இன்றுவரை பூச்சாடி வைக்கும் மேசையாகவே பாவிக்கிறார் என்பது அவனுக்கும் தெரியும். ஆயினும் அலாரம் எங்கள் அடுப்பை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. புகைந்து புகைந்து எரியும் விறகைவிட, சூடான எண்ணெயிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களுக்கே இந்த வகை அலாரம் விரைவில் கோபப்படும். ஒளிக்கற்றை சிதறுவதை வைத்துப் புகையை அறியும் வகையாக இருந்திருந்தால், பொரியலுக்கு இவ்வளவு துள்ளியிருக்காது. எங்கள் விறகுப் புகைக்கு அம்மாவையே வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கும்.

இந்த நுட்பம்தான் வெள்ளிக்கிழமை மாலை பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்தது. பெரியப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதால், அந்த வீட்டில் கார்த்திகை முதலாக மீன் வாடையே கிடையாது. அவர் பஜனைக்குப் புறப்பட்டுச் சற்று நேரத்தில், எங்கள் வீட்டில் அடுப்பே எரியாதபோது அலாரம் வீறிட்டது. எங்களுக்கும் பெரியம்மாவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரையை முட்டுவதில்லை என்பதை அந்தப் புண்ணியவதி மறந்துவிட்டார். நெருப்பு என்று நினைத்து லயமே திரண்டு ஓடியது. சிலர் வாளியில் தண்ணீரோடும், ஒருவர் எதற்கென்று தெரியாமல் கவ்வாத்துக் கத்தியோடும் வந்து நின்றபோது, சட்டியில் கட்டாக் கருவாடு பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

“பூனைக்குப் பொரிக்கிறேன்” என்றார் பெரியம்மா. கருவேப்பிலையும் பெரிய வெங்காயமும் போட்டுப் பொரித்தால்தான் உண்ணும் பூனையை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அலாரத்தின் பெட்டரியைக் கழற்றிவிடும்படி பெரியம்மா மறுநாளே தூது அனுப்பினார். அம்மா அசையவில்லை. மின்னொழுக்கினால் எங்கோ ஒரு தோட்டத்தில் லயம் எரிந்தது என்று செய்தி வராத ஆண்டு இல்லை. ஒரு காம்பராவில் பற்றினால், எல்லோருக்கும் பொதுவான அந்த ஒற்றைக் கூரை வழியாகத்தான் தீயும் ஓடும். கருவாட்டுப் புகை வந்த வழி அதற்கும் திறந்தே கிடக்கிறது. “பொய்யாக அடித்தால் பத்துப் பேர் ஓடிவருகிறார்களே, அது போதாதா?” என்று அம்மா கேட்டதற்கு, என்னிடம் பதில் இல்லை. தம்பியோ அடுத்த முறை, புகையைக் கண்டுகொள்ளாமல் 57 பாகை செல்சியஸ் அளவில் மட்டும் ஒலிக்கும் வெப்ப அலாரம் ஒன்றைச் சமையலறைக்கென்று அனுப்புவதாகச் சொல்கிறான். இச்செய்தி கேட்ட நாள் முதல் பெரியம்மா அவனை வாயார வாழ்த்துகிறார்.

பெரியப்பாவிடம் மட்டும், அன்று பனிமூட்டம் புகுந்துதான் அலாரம் அடித்தது என்று அனைவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். ஈரக்காற்று உள்ளே படிந்தாலும் அது அலறக்கூடும் என்பதால், அது முழுப் பொய்யும் அல்ல. சாமி அதை அப்படியே நம்பினார். மேகம் இறங்கும் நாட்களில் பெட்டியைத் துணியால் மூடி வையுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னபோது, அவர் மடியில் அந்தப் பூனை படுத்திருந்தது. அது ஏன் இந்த மார்கழியில் இவ்வளவு மெலிந்துவிட்டது என்றும் அவர் என்னையே கேட்டார்.