அறிவியல் புனைகதைக்கு விலை வைக்கப் படித்த கதை

தானே எழுதித் தானே வெளியிடுகிற எழுத்தாளர் பலருக்கும் விலை என்றதும் கூச்சம் வந்துவிடுகிறது. கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. தேர்வுக்கு உட்காருவதுபோல நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் அது. நான் அப்படித்தான் படித்தேன்.

முதலில் கிண்டில் ராயல்டி, அதாவது அமேசானின் மின்னூல் கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியின் விலையிலும் எழுத்தாளருக்கு வரும் பங்கு. அமெரிக்கச் சந்தையில் மின்னூலுக்கு 2.99 முதல் 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70 சதவீதம் கிடைக்கும். அந்த வரம்புக்குக் கீழே போனாலும் மேலே போனாலும் 35தான். 0.99 டாலருக்கு விற்றால் கைக்கு வருவது சுமார் 35 சென்ட். 2.99 என்றால், கோப்பின் அளவுக்கேற்பப் பிடிக்கிற சிறு கட்டணம் போக, ஏறக்குறைய 2 டாலர். ஆக, 2.99இல் ஒரு பிரதி தருவதை 0.99இல் சம்பாதிக்க ஆறு பிரதி போக வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் யாராவது “விலையைக் குறைத்தால் நிறைய விற்கும்” என்றால், “ஆறு மடங்கு விற்குமா?” என்று கேட்பீர்கள். தொடர் நாவலின் முதல் பாகத்துக்கு மட்டும் மலிவு விலை சரி. அடுத்த பாகங்களுக்கு அது ஆள் சேர்க்கும்.

சிறுகதைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவை மையமாகக் கொண்ட எஸ்எஃப்டபிள்யூஏ என்ற எழுத்தாளர் அமைப்பு 2019இல் சொல்லுக்கு 8 சென்ட்டைத் தொழில்முறை ஊதியமாக நிர்ணயித்தது. 5,000 சொல் கதைக்கு 400 டாலர். தொகையைவிட ஒப்பந்தத்தில் கவனம் வையுங்கள்: முதல் வெளியீட்டு உரிமை மட்டும் கொடுத்தால் அதே கதையைப் பிறகு தொகுப்பிலும் சேர்க்கலாம்.

சரி, விலை கேட்க வேண்டுமானால் கதையில் புதுசு இருக்க வேண்டுமே. அதற்கும் படிப்புதான் வழி. டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு சிவப்பு விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். அவற்றில் ‘இ’ என்ற கோள் விண்மீனை ஒருமுறை சுற்ற ஆறு நாள் சொச்சம்தான் ஆகிறது. ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி அது சுற்றக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் அங்கே விடியலே கிடையாது.

இதைப் படித்ததும் விண்கலத்தைப் பற்றி எழுதப் போகாதீர்கள். விடியாத ஊரில் நாள்கூலியை எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? ஒரு சுற்றை ஓர் ஆண்டாகக் கொண்டால் நம் பத்து வயதுப் பிள்ளை அங்கே கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டு கண்டிருக்குமே, அதற்கு எந்த வயதில் பள்ளி? வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஒடுங்கிய பட்டையில் நிலம் யார் கையில்? முதல் கேள்விக்கு வரும் பதில் எல்லோருக்கும் வரும். மூன்றாவது, நான்காவது கேள்வியில்தான் நமக்கான கதை கிடைக்கிறது. அதுவரை மெனக்கெட வேண்டும்.

இந்த மெனக்கெடலுக்குப் போகும் நேரத்தையும் விலையில் சேருங்கள். யாராவது கதை எழுதித் தரச் சொன்னால், படிக்க இவ்வளவு, எழுத இவ்வளவு, இரண்டு திருத்தம் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் தனி என்று வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.